பழைய லூட் டேப் வாசிச்சா தப்பா கேக்குதா? நோட்டை திருத்தறதுக்கு முன்னாடி தந்தியை பாருங்க

இப்ப பாரிஸ் தேசிய நூலகத்தோட காலிகா மாதிரி தளங்கள்ல பழைய லூட் (கிட்டார் மாதிரி மீட்டற ஐரோப்பிய தந்தி வாத்தியம்), கிட்டார் புத்தகங்கள ஸ்கேன் பண்ணி இலவசமாவே போட்டிருக்காங்க, கிட்டாரோ யுகுலேலேயோ வச்சிருக்கற யாரு வேணா டவுன்லோட் பண்ணி வாசிச்சுப் பாக்கலாம். ஆனா ரெண்டாவது வரியிலயே காதுக்கு ஒவ்வாம போச்சுன்னா நிறைய பேர் உடனே "எழுதினவர் தப்பா எழுதிட்டாரு"ன்னு முடிவு பண்ணி நோட்டை மாத்த ஆரம்பிச்சிடறாங்க. தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. டேப்ன்றது டேப்லச்சர், இந்த புத்தகங்கள்ல பாட்ட எழுதற முறை. அதுல இருக்கறது ஸ்வரம் இல்ல, விரல் வைக்கற இடம், எந்த தந்தி எந்த ஃப்ரெட் அவ்ளோதான். தந்தி எப்படி கட்டியிருக்குன்னு தெரிஞ்சா தான் அது ஸ்வரமா மாறும். அதனால காதுக்கு தப்பா பட்டா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ட்யூனிங்க தான், எழுதினவரை கடைசியா.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். டேப்ல வர்ற எழுத்தும் ஸ்வரப் பேரும் ஒரே மாதிரி இருக்கறதால குழப்பம் வரும், அதனால ட்யூனிங்க நான் இடைவெளியா எழுதறேன், மெல்லிசான முதல் தந்தியில ஆரம்பிச்சு பக்கத்து தந்திக்கு எத்தனை ஃப்ரெட் வித்தியாசம்னு. சாதாரண கிட்டார் 5-4-5-5-5. ரெண்டாவது தந்தியோட அஞ்சாவது ஃப்ரெட்டும் முதல் தந்தி ஓப்பனும் (விரல் வைக்காம அடிக்கறது) ஒண்ணு, மூணாவதோட நாலாவது ஃப்ரெட்டும் ரெண்டாவது ஓப்பனும் ஒண்ணு, இப்படியே போகும். மொத்த சுருதி எங்க இருந்தாலும் பரவால்ல, நம்ம பாட்டுல ஸ எங்க வச்சாலும் ராகம் மாறாத மாதிரி இடைவெளி சரியா இருந்தா பாட்டு சரியா வரும். இன்னொண்ணு, இந்த வாத்தியங்கள்ல பெரும்பாலும் தந்தி ஜோடி ஜோடியா இருக்கும், ஒரு ஜோடிக்கு கோர்ஸ்னு பேரு.

"முதல் பார்ல இருந்தே பாட்டு மாதிரியே இல்ல"

இது தொண்ணூறு சதவீதம் டேப்ப தலைகீழா படிக்கறதால வர்றது. பிரெஞ்சு டேப்ல எழுத்து, ஏ ன்னா ஓப்பன், பி ன்னா முதல் ஃப்ரெட், கோர்ஸுக்கு ஒரு கோடு, அதுல மேல் கோடு தான் முதல் கோர்ஸ். இத்தாலிய டேப்ல நம்பர், 0 ஓப்பன், ஆனா கீழ் கோடு தான் முதல் கோர்ஸ், வாத்தியத்த மடியில வச்சு குனிஞ்சு பாத்தா தந்திங்க எப்படி தெரியுமோ அந்த வரிசை. இன்னிக்கு கிட்டார் டேப் படிச்சு பழகின கண்ணுக்கு இது அப்படியே கவுந்து கிடக்கும்.

நம்பர் இருந்தா இத்தாலிய முறைன்னு கண்ண மூடிட்டு போயிடவும் முடியாது. லூயிஸ் மிலான் 1536ல வலென்சியாவுல போட்ட விஹுவேலா (லூட் மாதிரியே தந்தி கட்டற ஸ்பானிஷ் வாத்தியம்) புத்தகத்துல நம்பர் தான், ஆனா மேல் கோடு தான் முதல் கோர்ஸ். சரி, ஸ்பெயின்காரங்க எல்லாம் அப்படித்தான் போலன்னு நினைச்சா அதுவும் தப்பு, 1674ல சரகோசாவுல கிட்டார் புத்தகம் போட்ட காஸ்பர் சான்ஸ் இத்தாலிய முறையில கீழ் கோட்டத்தான் முதல் கோர்ஸா எழுதறாரு. அதனால நாட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க, பாட்டோட கடைசி கார்ட ரெண்டு விதமாவும் வாசிச்சுப் பாருங்க, ஒண்ணு கார்டா உக்காரும், இன்னொண்ணு குப்பையா கேக்கும், சந்தேகமே வராது.

எங்க தேடினாலும் 0 ஒண்ணு கூட இல்ல, ஆனா 1 மட்டும் ஏகப்பட்ட இடத்துல வருதுன்னா அது நேப்பிள்ஸ் முறையா இருக்கலாம், அங்க 1 தான் ஓப்பன், எல்லா நம்பர்லயும் ஒண்ண கழிச்சுக்கணும், மேல் கோடு முதல் கோர்ஸ். அரிதா தான் கிடைக்கும்.

கோடே இல்லாம எழுத்து மட்டும் மாடி மாடியா அடுக்கி இருந்தா அது ஜெர்மன் டேப். அஞ்சு கோர்ஸோட ஓப்பனுக்கு 1ல இருந்து 5 வரை நம்பர், இதுல 5 தான் மெல்லிசான தந்தி. அப்புறம் முதல் ஃப்ரெட்ல கீழ இருந்து மேல ஏ, பி, சி, டி, ஈ, ரெண்டாவது ஃப்ரெட்ல எஃப், ஜி, எச், ஐ, கே, இப்படி அந்த கால அகரவரிசையோட 23 எழுத்தும் அதோட ரெண்டு குறியும் சேத்து 25, அஞ்சாவது ஃப்ரெட்டோட தீரும், அதுக்கு மேல எழுத்த இரட்டிச்சோ மேல கோடு போட்டோ தொடருவாங்க. இந்த முறைய பார்வை இல்லாத ஆர்கன் கலைஞர் கான்ராட் பாவ்மன் உருவாக்கினார்னு செபாஸ்டியன் விர்டுங் 1511ல எழுதியிருக்காரு. ஆறாவது கோர்ஸ் பின்னாடி வந்து சேந்ததால அதுக்கு ஆளாளுக்கு ஒரு குறி, புத்தகத்தோட முன்னுரைய பாக்காம அத ஊகிக்காதீங்க.

"முக்கால்வாசி நல்லா இருக்கு, ஒரு தந்தி தொட்டா மட்டும் கெடுது"

கிட்டார்ல வாசிக்கறீங்களா, கெடறது மூணாவது தந்தியா? அப்ப காரணம் ரொம்ப சிம்பிள். பதினாறாம் நூற்றாண்டு லூட்டும் விஹுவேலாவும் 5-5-4-5-5, அந்த நாலு ஃப்ரெட் இடைவெளி மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல வருது. கிட்டார்ல மூணாவது தந்திய அரை ஸ்வரம் இறக்குங்க, முடிஞ்சது. மூணாவது ஃப்ரெட்ல காப்போ (எல்லா தந்தியையும் அமுக்கற கிளிப்) போட்டா வழக்கமா சொல்ற ஜி லூட் சுருதியும் வந்துடும். இந்த ட்யூனிங்ல ஊர்ஜிதம் பண்ண ஒரு அடையாளம் இருக்கு, கடைசி கார்ட் மேல இருந்து கீழ 0-0-2-2-2-0 ன்னு வந்தா அது முழு மேஜர் கார்ட், இந்த வடிவம் அந்த கால புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப வரும்.

கெடறது கீழ இருக்கற தந்தின்னா அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் தந்திய இறக்க சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. அலோன்ஸோ முதார்ரா 1546ல செவில்ல போட்ட புத்தகத்துல நாலு கோர்ஸ் கிட்டாருக்கு சில பாட்டு இருக்கு, அதுல பழைய ட்யூனிங்னு தலைப்புல போட்டிருந்தா நாலாவது கோர்ஸ ஒரு முழு ஸ்வரம் இறக்கணும். அந்த தலைப்ப படிக்காம வாசிச்சா பேஸ் விழற இடமெல்லாம் முட்டும். ஃபிரான்ஸ்ல ஆண்ட்வான் ஃபிரான்சிஸ்க் 1600ல போட்ட தொகுப்புலயும் தந்திய இறக்கி வாசிக்கற பாட்டுங்க இருக்கு, தலைப்புலயே குறிச்சிருப்பாரு.

இத அலட்சியம் பண்ணா என்ன ஆகும்னு காட்ட ஒரு நிஜக் கதை இருக்கு. நியூரம்பெர்க்ல ஹான்ஸ் நொய்ஸிட்லர் 1544ல அச்சிட்ட ஒரு யூதர் நடனம், ஜெர்மன் டேப்ல. இருபதாம் நூற்றாண்டுல அத சாதாரண லூட் ட்யூனிங்ல நோட்டேஷனா மாத்தினாங்க, 1946ல ஹார்வர்டு போட்ட பெரிய இசை வரலாற்று தொகுப்புலயும் அப்படியே ஏறிச்சு, ரெண்டு கீ ஒரே நேரத்துல மோதற மாதிரி பயங்கரமா கேக்கும். நாலு நூற்றாண்டுக்கு முன்னாடியே இப்படி ஒரு துணிச்சலான்னு மாணவர்கள் தலைமுறை தலைமுறையா ஆச்சரியப்பட்டாங்க. பின்னாடி மைக்கேல் மாரோன்ற லூட் ஆய்வாளர் அது தந்திய மாத்தி கட்டி வாசிக்க வேண்டிய பாட்டுன்னு காட்டினாரு, மாத்தி கட்டினா அது ஒரு சாதாரண, சந்தோஷமான டான்ஸ். படிச்ச பெரியவங்களுக்கே இது நடந்திருக்கு, அதனால தான் விசித்திரமா கேக்கற எந்த பாட்டையும் "அந்த கால புதுமை"ன்னு ஏத்துக்கறதுக்கு முன்னாடி தந்திய சந்தேகப்படுங்கன்னு இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

"பிரெஞ்சு டேப், தலைகீழாவும் படிக்கல, மூணாவது தந்தியும் இறக்கிட்டேன், எதுவுமே ஒட்டல"

வருஷம் என்னன்னு பாருங்க. 1620களுக்கு அப்புறம்னா 5-5-4-5-5 இருக்கும்னு எதிர்பாக்கவே கூடாது. ஃபிரான்ஸ்ல அந்த சமயத்துல லூட்காரங்க நிறைய பேர் புதுப்புது ட்யூனிங்க தேடிட்டு இருந்தாங்க, பியர் பல்லார் 1631லயும் 1638லயும் பாரிஸ்ல போட்ட தொகுப்புங்க முழுக்க புது ட்யூனிங் பாட்டு தான். அதுல அடிக்கடி வர்றது 4-3-4-5-5, ஷார்ப் ட்யூனிங்னு இங்கிலாந்துல சொல்வாங்க, இன்னொண்ணு 3-4-3-5-5, ஃபிளாட் ட்யூனிங். இந்த தேடல்ல கடைசியா ஜெயிச்சது 3-5-4-3-5, இன்னிக்கு டி மைனர் ட்யூனிங்னு சொல்றது, பதினெட்டாம் நூற்றாண்டு லூட் கலைஞர் சில்வியுஸ் லியோபோல்ட் வைஸ் வரைக்கும் அதுதான் ஓடிச்சு. ஆனா ஜெயிச்சதுன்னு ஒரே நாள்ல எல்லாரும் மாறிடல, 1676லயும் தாமஸ் மேஸ் லண்டன்ல போட்ட புத்தகத்துல ஃபிளாட் ட்யூனிங் தான் ஒசத்தின்னு வரிஞ்சு கட்டிட்டு வாதாடறாரு. அதனால வருஷம் ஒரு துப்பு மட்டும் தான், தீர்ப்பு இல்ல.

முதல்ல பக்கத்தோட மேலயோ பாட்டுக்கு முன்னாடியோ ஒரு சின்ன அட்டவணை இருக்கான்னு தேடுங்க. ஒரு தந்தியில ஓப்பன், பக்கத்து தந்தியில ஒரு எழுத்து, ரெண்டும் ஒரே ஸ்வரம்னு அர்த்தம். எழுத்த நம்பரா மாத்தினா, டி ன்னா 3, ஈ ன்னா 4, எஃப் ன்னா 5, இடைவெளி வரிசை அப்படியே கிடைச்சிடும். ஸ்கேன் பண்ணும்போது இந்த பக்கங்கள யாரும் விடறது இல்ல, நாம தான் நேரா பாட்டுக்கு தாவிடறோம். சிகாகோ நியூபெர்ரி நூலகத்துல கப்பிரோலான்ற லூட் ஆசிரியரோட பாட்டுங்க இருக்கற புத்தகம் சுமார் 1517ல எழுதினது, படம் அழகா இருந்தா இசை தெரியாதவங்க கையில போனாலும் தூக்கிப் போட மாட்டாங்கன்னு அத எழுதின அவரோட சீடர் ஓரம் முழுக்க மிருகம், பறவை எல்லாம் வரைஞ்சு வச்சாரு, அவர் நினைச்சபடியே புத்தகம் பிழைச்சு நம்ம வரை வந்திருக்கு. அப்படி பிழைச்சு வந்ததோட முன்னுரைய படிக்க ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கறது நம்ம கடமைன்னே நினைக்கறேன்.

அட்டவணை இல்லன்னா பாட்டுக்குள்ளயே ஆதாரம் எடுக்கணும். கடைசி கார்ட எடுங்க. மேல இருந்து 0-0-0-0-0 இல்லன்னா 1-0-0-1-0 ன்னு இருந்து கீழ மூணு சாய்கோடு போட்ட பேஸ் தந்தியும் வந்தா அது டி மைனர் ட்யூனிங், முதல்ல சொன்னது மைனர் கார்ட், ரெண்டாவது மேஜர். அதே அஞ்சு ஓப்பன பழைய 5-5-4-5-5ல அடிச்சா எந்த கார்டும் ஆகாது, வெறும் குவியல். கடைசி கார்ட் ஒண்ண மட்டும் நம்பாம பாட்டு ரெண்டு பாகமா இருந்தா முதல் பாகத்தோட முடிவையும் சோதிங்க, எல்லா முடிவும் சுத்தமா வர்ற ட்யூனிங் தான் சரியானது. ஒரு இடம் மட்டும் ஒத்துப்போறது தற்செயலா நடக்கும், நாலு இடம் ஒத்துப்போகாது.

இதுல ஒரு பொறி இருக்கு. விரலுக்கு சுலபமா வருது, அதனால ட்யூனிங் சரியா தான் இருக்கணும்னு சிலர் சொல்வாங்க. விரல் வடிவம் தாள்ல இருக்கறது, தந்திய எப்படி கட்டினாலும் விரல் அங்கயே தான் போகும். அதனால கை சொல்றது சாட்சியே இல்ல, காது சொல்றது மட்டும் தான் சாட்சி.

லூட் இல்லாம கிட்டார்லயே டி மைனர் ட்யூனிங்க சோதிக்கணும்னா ஆறாவதையும் அஞ்சாவதையும் அப்படியே விட்டுடுங்க, நாலாவத ரெண்டு ஃப்ரெட் அளவு இறக்குங்க, மூணாவத மூணு, ரெண்டாவத ரெண்டு, முதல் தந்திய நாலு. முதல் தந்தி தொளதொளன்னு தான் இருக்கும், நைலான் தந்தியில சமாளிக்கலாம், எதையும் இறுக்காததால அறுந்து போற பயமும் இல்ல. பேஸ் தந்திங்க இல்லாட்டியும் பாட்டு எதுன்னு தெரிஞ்சிடும்.

"மேல எல்லாம் சரி, பேஸ் மட்டும் முட்டுது"

குறிய முதல்ல சரியா படிங்க. பிரெஞ்சு டேப்ல கோட்டுக்கு கீழ வெறும் ஏ ன்னா ஏழாவது கோர்ஸ், ஒரு சாய்கோடு போட்ட ஏ எட்டாவது, ரெண்டு போட்டா ஒன்பது, மூணு போட்டா பத்து, அதுக்கு அப்புறம் 4, 5, 6 ன்னு நம்பர் வந்தா 11, 12, 13ஆவது கோர்ஸ். அந்த 4 நாலாவது ஃப்ரெட் இல்ல, ஓப்பன் தந்தி. இத்தாலிய டேப் கவுந்து இருக்கறதால அங்க பேஸ் குறிங்க கோட்டுக்கு மேல வரும்.

குறி சரின்னா அடுத்தது அந்த தந்திங்களோட சுருதி. இவை பாட்டோட கீக்கு ஏத்த மாதிரி மாத்தி கட்டறவை, புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. இங்க மட்டும் எழுத்துங்கள ஸ்வரப் பேரா எடுத்துக்கோங்க, டேப் எழுத்து இல்ல. ஜி லூட்ல ஏழாவது கோர்ஸ் எஃப் ஆவும் இருக்கும் டி ஆவும் இருக்கும், முடிவுக்கு முன்னாடி அது எங்க விழுதுன்னு கேட்டாலே எதுன்னு தெரியும். பத்து கோர்ஸ் லூட்ல ஈ தந்தி ஃபிளாட் கீ பாட்டுல அரை ஸ்வரம் இறங்கும். டி மைனர் லூட்ல ஏழுல இருந்து ஜி, எஃப், ஈ, டி, சி ன்னு வரிசையா இறங்கும், இங்கயும் கீய பொறுத்து ஷார்ப் ஃபிளாட் மாறும். முட்டற தந்தி எது, எந்த இடத்துல எல்லாம் வருதுன்னு குறிச்சுக்கிட்டு எல்லா இடத்துலயும் ஒரே பக்கமா அரை ஸ்வரம் தப்பா இருந்தா தந்திய மாத்துங்க, ஒரே ஒரு இடத்துல மட்டும்னா தான் பிழைன்னு யோசிங்க.

"மெலடி திடீர்னு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ குதிக்குது, மறுபடி மேல வருது"

ஸ்வரம் எல்லாம் சரி, ஆனா ஸ்கேல் நேரா இறங்காம படிக்கட்டு தாண்டி தாண்டி போகுதுன்னா நீங்க வாசிக்கறது அஞ்சு கோர்ஸ் பரோக் கிட்டார் பாட்டா இருக்கணும். எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்ப பிடிச்சது இதுதான். அந்த கிட்டார்ல நாலாவது அஞ்சாவது கோர்ஸ் கீழ இருந்தாலும் தடி தந்தி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சான்ஸ் இத தெளிவாவே எழுதறாரு, ரோம்ல இருக்கற ஆசிரியர்கள் மெல்லிசு தந்தி மட்டும் கட்டறாங்க, ஸ்பெயின்ல சத்தமா அடிச்சு வாசிக்க தடி தந்தி போடுவாங்க, நுணுக்கமா மீட்டறதுக்கு மெல்லிசே நல்லதுன்னு. அப்படி கட்டினா மூணாவது கோர்ஸ் தான் இருக்கறதுலயே கீழ் ஸ்வரம், ஸ்கேல் தந்தி மாறி மாறி ஓடும், ஒவ்வொரு ஸ்வரமும் வேற தந்தியில விழறதால ஒண்ணு மேல ஒண்ணு மணி மாதிரி தங்கி ஒலிக்கும், அதுக்கு காம்பனெல்லான்னு பேரு. சாதாரண கிட்டார்ல அதே டேப்ப வாசிச்சா அந்த அழகு முழுக்க போயிடும், குதிக்கற மெலடி தான் மிஞ்சும்.

ஃபிரான்ஸ்ல கொஞ்சம் வேற, அங்க நாலாவது கோர்ஸ்ல மட்டும் ஒரு தடி தந்தி ஆக்டேவா சேப்பாங்க, கிட்டார் கலைஞர்கள் கொர்பெத்தாவோட 1671 புத்தகம், ரொபேர் த விசேவோட 1682 புத்தகம் ரெண்டும் அந்த கட்டு. ரெண்டு கோர்ஸ்லயும் தடி தந்தி போடறது மூணாவது வகை. எந்த பாட்டுக்கு எதுன்னு ஸ்கேல் ஓடற இடத்த வச்சு தான் தீர்மானிக்கணும்.

சோதிக்க வழி: ஒரு பழைய நைலான் கிட்டார்ல ஆறாவது தந்திய கழட்டிட்டு அஞ்சாவது இடத்துல இன்னொரு ரெண்டாவது தந்திய போட்டு அத ஏ வுக்கு இறக்குங்க, நாலாவது இடத்துல இன்னொரு முதல் தந்திய போட்டு டி க்கு இறக்குங்க. இதுக்கு செலவு ரெண்டு தந்தி தான். யுகுலேலே கையில இருந்தா அதுவே மேல் நாலு கோர்ஸுக்கு போதும், நாலாவது தந்தி ஏற்கெனவே மேல் ஆக்டேவ்ல தான் இருக்கு.

நீளக் கழுத்து லூட்டான தியார்போலயும் இதே அறிகுறி வரும், ஆனா அங்க தலைகீழ் காரணம். தந்தி ரொம்ப நீளம், மேல் ரெண்டு கோர்ஸ லூட் சுருதிக்கு இழுத்தா அறுந்துடும், அதனால ரெண்டையும் ஒரு ஆக்டேவ் இறக்கி கட்டிடுவாங்க, மூணாவது தான் உச்சம். காப்ஸ்பெர்கர் 1604ல வெனிஸ்ல போட்ட கிட்டாரோனே (தியார்போவோட இன்னொரு பேரு) புத்தகம் இந்த கட்டுக்கு எழுதினது. கம்பி தந்தி போட்ட சிட்டர்ன்லயும் நாலாவது கோர்ஸ் மூணாவத விட மேல் சுருதியில இருக்கும், அத மறந்தா கார்ட் கவுந்து கேக்கும்.

"ஏ ன்னு போட்டிருக்கு, ஏ கார்ட் அடிச்சா பாடறவங்களோட சேரல"

இத்தாலிய கிட்டார் புத்தகங்கள்ல பாட்டு வரிக்கு மேல வர்ற பெரிய எழுத்துங்க கார்ட் பேரே இல்ல, கை வடிவத்தோட பேரு, அல்ஃபபெத்தோன்னு சொல்வாங்க, 1606ல மொந்தெசார்தோ ஃபுளோரன்ஸ்ல முதல்ல அச்சுல கொண்டு வந்தாரு. ஏ ன்னா ஜி மேஜர், பி ன்னா சி மேஜர், சி ன்னா டி மேஜர், டி ன்னா ஏ மைனர், ஈ ன்னா டி மைனர், எஃப் ன்னா ஈ மேஜர், ஜி ன்னா எஃப் மேஜர், கூட்டல் குறி ஈ மைனர். ஒரு துண்டு தாள்ல எழுதி பக்கத்துல வச்சுக்கோங்க, வேற வழி இல்ல.

"ஓப்பன் எல்லாம் பக்கா, முதல் ஃப்ரெட் கார்ட் மட்டும் புளிக்குது"

இது லூட் வச்சிருக்கவங்களுக்கு, ஃப்ரெட் கட்டி நகத்தற வாத்தியம்னா மட்டும். மீன்டோன்ற பழைய சுருதி முறையில அரை ஸ்வரம் ரெண்டு அளவுல வரும், சின்னது சுமார் 76 சென்ட், பெரிசு சுமார் 117 (இன்னிக்கு கிட்டார்ல ஒரு ஃப்ரெட் 100 சென்ட்). ஜி லூட்ல முதல் ஃப்ரெட்ல நாலாவது கோர்ஸ் எஃப் ஷார்ப்புக்கு சின்னது வேணும், அதே ஃப்ரெட்ல ரெண்டாவதோட ஈ ஃபிளாட்டுக்கும் மூணாவதோட பி ஃபிளாட்டுக்கும் பெரிசு வேணும். 60 செமீ தந்தியில சின்னதோட இடம் சுமார் 2.6 செமீ, பெரிசோடது 3.9 செமீ, ஒரே ஃப்ரெட்டால ரெண்டும் முடியாது. நாலாவது கோர்ஸுக்கு கீழ மட்டும் ஒரு குட்டி ஃப்ரெட் ஒட்டறது ஒரு வழி, லூட் கலைஞர் வின்சென்ஸோ கலிலேய்க்கு அது பிடிக்காது, அவர் 1581ல சொன்ன கணக்கு மிச்ச நீளத்துல 18ல ஒரு பங்கு ஒரு ஃப்ரெட், ஏறக்குறைய இன்னிக்கு கிட்டார் மாதிரியே சமமா வரும். பாட்டுல ஃபிளாட் அதிகமா ஷார்ப் அதிகமான்னு பாத்து ஃப்ரெட்ட அந்த பக்கம் நகத்தினாலே பாதி புளிப்பு போயிடும்.

"பாதி புத்தகம் வரை சரியா வந்துச்சு, அப்புறம் கெட்டுப் போச்சு"

கையெழுத்து மாறிச்சான்னு பாருங்க. ஜேன் பிக்கரிங்னு பேரும் 1616னு வருஷமும் போட்ட லூட் புத்தகம் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, முதல் பகுதி பழைய ட்யூனிங், பின்னாடி வேற கை சேத்த பாட்டுங்க பிற்கால புது ட்யூனிங்ல இருக்கு. தாள் விலை அதிகம், மிச்ச பக்கத்த அடுத்த தலைமுறை உபயோகிச்சிருக்காங்க. அட்டையில இருக்கற வருஷம் எல்லா பக்கத்துக்கும் பொருந்தாது, ஒவ்வொரு பாட்டுக்கும் ட்யூனிங்க புதுசா சோதிங்க.

இதெல்லாம் பாத்தும் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மிச்சம் தப்பா நின்னா, இப்ப எழுதினவர சந்தேகப்படலாம். அவங்க பண்ற தப்பு பெரும்பாலும் எழுத்து சரி, கோடு ஒண்ணு தள்ளிப் போச்சுன்ற வகை தான், அதனால அதே எழுத்த பக்கத்து தந்தியில வச்சுப் பாருங்க, பெரும்பாலும் சரியாயிடும். அடுத்தது சி யும் ஈ யும் ஒரே மாதிரி எழுதறது, அந்த கையோட வேற ரெண்டு சி ய தேடி ஒப்பிட்டா தெரியும். திருத்தினீங்கன்னா பழைய எழுத்த அழிக்காம பக்கத்துல சின்னதா எழுதுங்க, மேல ட்யூனிங் இடைவெளியையும் எழுதிடுங்க, அடுத்து வாசிக்கறவங்களுக்கு எதுல இருந்து இத முடிவு பண்ணீங்கன்னு தெரியணும்.